துடைத்துவிட்ட நாலு வரி

பெரியவனுக்குச் சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர்தான் இருக்கும். கல்யாண வீடோ துக்க வீடோ, எங்கே போனாலும் மஞ்சள் பிடி போட்ட அந்த டெஸ்டர் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு அவனோடு வரும். முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியன். வேலை முடிந்த வீட்டில் கடைசியாக ஒரு காரியம் செய்வான். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க. ஏதாவது தெரியுதா?" என்று கேட்பான். "ஒண்ணும் தெரியலியே" என்று அவர் சொன்ன பிறகுதான் பையைத் தோளில் மாட்டுவான்.

கடைசியாக அவன் பேனாவைப் பிடித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில். நர்ஸ் நீட்டிய பேனா. தங்கையின் முதுகுத்தண்டில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு லாரியோடு இரண்டு நாள் தூரத்தில் இருந்தான். நாளைக் கடத்தினால் ஆபத்து என்றார் டாக்டர். "மாமா வரட்டும், இன்னொரு டாக்டரையும் கேட்டுப் பார்ப்போம்" என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டான். பெரியவன் கேட்கவில்லை. வீட்டுக்கு மூத்தவன் என்ற மிதப்பு கொஞ்சம், பயம் நிறைய. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஆபரேஷன் முடிந்ததும் தங்கைக்கு வலி போய்விட்டது. வலியோடு சேர்ந்து இரண்டு முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி, அசைவு எல்லாமே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குள் அவள் நடந்துதான் போனாள். திரும்பி வரும்போது அவள் சக்கர நாற்காலியில் வந்தாள், செருப்பு ஒரு பையில் வந்தது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் தம்பி. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அண்ணனிடம் அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"அவ காலுக்கு நீதான் கையெழுத்துப் போட்டே."

அதோடு பேச்சு நின்றது. அண்ணன் இருக்கும் இடத்துக்குத் தம்பி வருவதில்லை, தம்பி வரும் தெருவில் அண்ணன் நடப்பதில்லை. கால் திரும்பவும் வரலாம் என்று முதல் வருஷம் டாக்டர் சொன்னார். இரண்டாம் வருஷம் "பார்க்கலாம்" என்றார். மூன்றாம் வருஷம் வேறு விஷயம் பேச ஆரம்பித்துவிட்டார். பெரியவன் ராத்திரியில் கண்ணை மூடினால் அந்தப் படிவத்தின் அடியில் இருந்த புள்ளிக் கோடுதான் தெரியும். அந்தக் கால்களில் என்றைக்காவது ஒரு விரல் அசைந்தால் போதும், தான் பாவி இல்லை என்று ஆகிவிடும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி பிளம்பர். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள், வயது நாற்பத்தி இரண்டு ஆனாலும். ஒருத்தன் கரண்ட், ஒருத்தன் தண்ணி. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்பது உலகத்துக்கே தெரியும். பேசாமல் இருந்தால் அதைவிட ஆபத்து என்பது இந்த வீட்டுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

போன வருஷம் ஒரு ஹோட்டலை இழுத்து மூடினார்கள். அங்கே கிடந்த வெந்நீர்த் தொட்டி ஒன்றை, நாலு பேர் உட்காரும் அளவு, ஹீட்டரும் மோட்டாரும் உள்ளது, மாப்பிள்ளை தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். சூடான தண்ணீரில் தினம் அரை மணி உட்கார்ந்தால் இறுகிப்போன தசை இளகும் என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால், சிமென்ட் தளத்தில், தகரக் கூரைக்குக் கீழே தொட்டி உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டீல் கம்பியைத் தரையில் ஆழமாக ஊன்றி சிமென்ட் போட்டான் மாப்பிள்ளை, அவள் பிடித்துக்கொள்ள. அண்ணனும் தம்பியும் தங்கைக்காக வேலைக்கு வந்தார்கள். அண்ணன் காலையில், தம்பி மாலையில்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கை. "மோட்டாருக்கு எந்தப் பக்கம் பைப்பு வைக்கிறான்னு அவனைக் கேளு." "தண்ணி நிரப்பலாமான்னு அவர்கிட்ட கேளு." ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு டப்பா சாக்பீஸை வாங்கிவரச் சொல்லி, தொட்டிக்கு எதிரே இருந்த சுவரின் மேல் ஒரு பலகையில் வைக்கச் சொன்னாள்.

"நான் தபால்காரி இல்லை. கால் இல்லாதவளைப் போய் தூது அனுப்பறீங்களே, உங்களுக்கே அடுக்குமா? இந்தா சுவரு. எழுதிக்கங்க ரெண்டு பேரும்."

அப்படித்தான் அந்தச் சுவர் பேச ஆரம்பித்தது. 'மோட்டார் லைன் ஆஃப். தொடாதே.' 'வால்வு திறந்திருக்கு, மூடிட்டு வேலை பார்.' இப்படி ஒழுங்காகத்தான் தொடங்கியது. போகப் போக வாய்த்துடுக்கு சுவரேறியது. 'ஒயர் துண்டைப் பொறுக்கிட்டுப் போகவும். இது குப்பைத்தொட்டி இல்லை' என்று சின்னவன் எழுத, 'தண்ணி ஒழுகுது. வேலை தெரிஞ்ச பிளம்பரைக் கூப்பிடவும்' என்று பெரியவன் பதில் எழுதினான். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சிரிப்பாள். ஒரு நாள் பெரியவனுக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் இந்தச் சுவரைப் படிப்பதில்லை என்று வைராக்கியம் வைத்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. எர்த் என்று ஒன்று இருக்கிறது. மெஷினில் எங்காவது கரண்ட் கசிந்தால், அது மனுஷன் மேல் ஏறாமல் மண்ணுக்குள் ஓடிப்போவதற்கான வழி அது. அந்த வழி ஒழுங்காக இருந்தால் கசிவு கண்டதுமே ட்ரிப் சுவிட்ச் விழுந்து லைனைத் துண்டித்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு எர்த் போடுவதென்றால் மண்ணில் செம்புக் கம்பி அடிக்க வேண்டும். இங்கே அரை அடி கனத்துக்குச் சிமென்ட் தளம். உடைக்க ஒரு நாள் ஆகும், சின்னவன் வரும் நேரம் வேறு ஆகிவிட்டது. தொட்டிக்குப் பின்னால் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்று தரைக்குள் இறங்கிப் போயிற்று. பெரியவன் எர்த் ஒயரை அந்தக் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினான். மீட்டர் வைத்துப் பார்த்தான், நன்றாகவே காட்டியது. கம்பியை அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று போய்விட்டான். இதே காரியத்தை வேறு எவனாவது செய்திருந்தால் பெரியவன் அவன் லைசென்ஸைக் கிழித்துப் போடச் சொல்லியிருப்பான். உபதேசம் ஊருக்குத்தானே.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

ஒரு வியாழக்கிழமை தங்கை போன் செய்தாள். குரலே வேறாக இருந்தது.

"அண்ணே, விரல் அசையுது."

"எந்த விரல்?"

"வலது கால் கட்டைவிரல். நாலு நாளா. தொட்டில உட்கார்ந்திருக்கும்போது. முதல்ல எனக்கே நம்பிக்கை வரலை. நேத்து இவரும் பார்த்துட்டாரு. ஞாயித்துக்கிழமை வா. அவனையும் வரச் சொல்லியிருக்கேன். ஒரே நேரத்துக்கு."

"அவன் வந்தா நான்..."

"என் விரல் அசைஞ்சா நீங்க ரெண்டு பேரும் பேசணும். அவ்வளவுதான். வை போனை."

பெரியவன் போனை வைக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்த வீட்டின் ஏணியில் நின்றபடியே அழுதான். வீட்டுக்காரம்மா பயந்துபோய் ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் மூடிக்கிடந்தது. தூறலும் இல்லை, வெயிலும் இல்லை, தகரக் கூரையிலிருந்து சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பெரியவன் போனபோது சின்னவன் முன்னமே வந்து பின்பக்கச் சுவர் ஓரமாக நின்றிருந்தான். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே நின்று மூன்று வருஷம் ஆயிற்று. தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று பெரியவனுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை ரப்பர் செருப்போடு தங்கையைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினான். கழுத்து வரை ஆவி. அவள் முகத்தில் காய்ச்சல்காரிக்கு இருப்பது போல ஒரு மினுமினுப்பு.

"பாருங்க. சும்மா உட்கார்ந்தா வராது. இந்தக் கம்பியைப் பிடிச்சாத்தான் பலம் வருது."

தொட்டிக்கு வெளியே கையை நீட்டி ஸ்டீல் கம்பியை இறுகப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். மூன்று பேரும் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்கள். வெளுத்துப்போன பாதம் சும்மா கிடந்தது. பிறகு கட்டைவிரல் மெல்ல உள்பக்கமாக மடங்கி, மடங்கிய நிலையிலேயே நடுங்கியது. அவள் கையை எடுத்தாள், விரல் தளர்ந்தது.

"பார்த்தீங்களா?"

மாப்பிள்ளை எச்சிலை விழுங்கினான். சின்னவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரியவனுக்கு நெஞ்சிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. புள்ளிக் கோடு அழிந்துவிட்டது. கால் சாகவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தான் கையெழுத்துப் போட்டது தப்பில்லை.

"தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க" என்றாள் தங்கை, மூச்சு வாங்க. "இங்க சதையே ஆடிருச்சு. இன்னும் நீங்க ரெண்டு பேரும் ஆடாம அசையாம நிக்கிறீங்களே!"

சின்னவன் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தான். நேராக, கண்ணுக்குள். அவன் வாய் திறக்கப்போகிறது என்று பெரியவனுக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொல்லப்போகிறான் என்பதும் தெரிந்தது. 'அண்ணே' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் காத்திருந்தவன் பெரியவன்.

"இன்னொரு தடவை காட்டறேன்" என்று தங்கை மறுபடியும் கம்பியைப் பிடித்தாள். "கை கூட சுர்ருங்குதுண்ணே. முழங்கை வரைக்கும் ஏறுது. நரம்பெல்லாம் ஒண்ணா முழிச்சுக்கிச்சு போல."

கை.

கைக்கு என்ன வந்தது? அவள் கைக்கு என்றைக்குமே ஒரு குறையும் இருந்ததில்லையே. தூங்காத கை எப்படி முழித்துக்கொள்ளும்?

பெரியவனின் முகத்தில் ஈயாடவில்லை. கம்பி மண்ணில் ஊன்றியிருக்கிறது. பிடித்தால் அசைகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. முப்பது வருஷத் தொழில் அவன் காதில் கத்தியது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து எண்ணும் நேரம் அப்படியே நின்றான். தண்ணீருக்குள் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது, தம்பி இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான், தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். இது நரம்பாகவே இருந்துவிட்டால் என்ன? அந்தப் பத்து எண்ணிக்கைக்கு அவன் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

"கையை எடு!"

அவன் போட்ட சத்தத்தில் அவள் வெலவெலத்துக் கையை இழுத்துக்கொண்டாள். அவன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். "தூக்குங்க மாப்ளே அவளை. வெளியே தூக்குங்க. கேள்வி அப்புறம்."

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை போர்த்தி, தள்ளி நிறுத்தின பிறகு அவன் சுவிட்சைத் திரும்பப் போட்டான். பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான். நுனியைத் தண்ணீரில் வைத்து, தலையில் கட்டைவிரலை வைத்து, மறு கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு குனிந்தான்.

டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது.

தொட்டிக்குப் பின்னால் போனான். எர்த் ஒயரின் கிளாம்பில் வைத்தான். அங்கேயும் எரிந்தது. செத்துக் கிடக்க வேண்டிய ஒயருக்கு உயிர் இருந்தது. மண்டியிட்டுக் குழாயைத் தடவிக்கொண்டே கீழே போனான். ஒரு சாண் இரும்பு. அதற்குக் கீழே ஒரு இணைப்பு. அதற்குக் கீழே தரைக்குள் இறங்கியது எல்லாம் சாம்பல் நிற பிளாஸ்டிக். கிளாம்ப் மட்டும் அந்த ஒரு சாண் இரும்பில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. துரு நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒயரின் நுனியை முறுக்கி, திருகாணி இரண்டையும் சமமாக முடுக்கி, யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருந்த வேலை. பெரியவனே இவ்வளவு சுத்தமாகப் போட்டதில்லை. ஆனால் அது எங்கேயும் போகவில்லை. பிளாஸ்டிக்கோடு வழி முடிந்துவிட்டது.

மறுபடி மெயினை இறக்கிவிட்டு வந்தான்.

"எப்படா மாத்தினே இதை?"

மூன்று வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை. அது இப்படியா வர வேண்டும்?

"நாலு மாசம் ஆச்சு" என்றான் சின்னவன். "தண்ணி துருவாச் சிவந்து வந்துச்சு. குழாய் பூரா அரிச்சிருந்தது. எடுத்துட்டேன்."

"இதுல என் எர்த் இருக்குன்னு பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். அதனாலதான் மேல கொஞ்சம் இரும்பை விட்டுவெச்சு அதுலயே கட்டினேன். உன் வேலையை நான் கெடுக்கக் கூடாதுன்னு. அது போதுமா போதாதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் எழுதினேனே."

"என்ன எழுதினே?"

"சுவர்ல. நாலு வரி. பழைய குழாயை எடுத்துட்டேன், கீழே பூரா பிளாஸ்டிக், எர்த்தை ஒரு தடவை பார்த்துக்கன்னு. திட்டு கிட்டு ஒண்ணும் இல்லை, மரியாதையாத்தான் எழுதினேன். அப்புறம் வந்தப்போ அழிச்சிருந்தது. படிச்சுட்டே, சரி பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

பெரியவனுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் பின்பக்க விளக்கு எரியவில்லை என்று வந்தான். சுவரில் தம்பியின் குண்டு குண்டான எழுத்து. 'பெரியவர் கவனத்துக்கு' என்று மேலே போட்டிருந்தது. பெரியவராம். கேலியைப் பார் என்று பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு. ஈரத்துணியை எடுத்து, அடுத்த வரியில் கண் படுவதற்குள், மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, ஏதோ பெரிய சாதனை செய்தவன் மாதிரி விளக்கை மாட்டிவிட்டுப் போனான்.

"நான் படிக்கலை" என்றான். "துடைச்சுட்டேன்."

சின்னவன் அவனையே பார்த்தான்.

"வாயால சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ கேட்டிருப்பியா? அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னேனே, கேட்டியா?"

மாப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன மச்சான் நடக்குது? எனக்கு ஒண்ணும் புரியலை. எர்த்துக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்?"

தங்கைக்குப் புரிந்துவிட்டது. எலக்ட்ரீஷியனோடு பிறந்தவள். நாற்காலியின் கைப்பிடியை அவள் விரல்கள் பற்றிக்கொண்டிருந்தன. ஆனாலும் அண்ணன் வாயால் கேட்காமல் விடமாட்டாள்.

"அப்போ விரல்?"

பெரியவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இதைச் சொல்வதற்கு இந்த உலகத்தில் வேறு ஆள் இருந்திருக்கக் கூடாதா?

"ஹீட்டர்ல கசியுதும்மா. கரண்ட் தண்ணிக்கு வந்திருச்சு. மண்ணுக்குப் போக வழியில்லை. நீ கம்பியைப் பிடிச்சதும் உன் மேல ஏறிக் கம்பி வழியா இறங்கியிருக்கு. கரண்ட் பட்டா சதை துடிக்கும். நரம்பு இருந்தாலும் துடிக்கும், இல்லாட்டியும் துடிக்கும்."

"ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கேன், ஒரு ஆபத்தும் வராதுன்னு சொன்னியே."

"எர்த் இருந்திருந்தா முதல் நாளே விழுந்திருக்கும். இது அது விழறதுக்குப் பத்தாது. விரல் ஆடறதுக்கு மட்டும் போதும்."

"ஹீட்டர் இன்னும் கொஞ்சம் கசிஞ்சிருந்தா?"

"கால் ஊன முடியாதவ நீ. ஒரு நிமிஷம் கை இழுத்துக்கிட்டு தண்ணிக்குள்ள சரிஞ்சிருந்தா..."

அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். மாப்பிள்ளை அவற்றுக்குக் கம்பளிக் காலுறை மாட்டியிருந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெயே திரளவில்லை. திரண்டதாக நாலு பேரும் நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"நேத்து அந்தச் செருப்பைத் தேடி எடுத்து வெச்சேன்" என்றாள். "அடியில வெடிச்சிருந்தது. புதுசு வாங்கலாம்னு இவர்கிட்ட சொன்னேன்."

கூரையிலிருந்து சொட்டு விழுந்தது.

"அண்ணே, ஒரே ஒரு தடவை போடேன். நாளைக்குச் சரி பண்ணிக்க. கம்பியை லேசாத்தான் பிடிப்பேன். ஒரு தடவை பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு, தான் என்ன கேட்டோம் என்பது உறைத்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரியவனுக்கும் ஆசைதான். அவளைவிடப் பெரிய ஆசை. அந்த விரலை இன்னொரு தடவை பார்ப்பதற்காக அவன் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான். எழுந்து போய், தொட்டிக்கு வரும் லைனின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், டெஸ்டருக்குப் பக்கத்தில்.

பின்னால் டொங்கென்று சத்தம் கேட்டது. சின்னவன் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து சிமென்ட் தளத்தை உடைக்கத் தொடங்கியிருந்தான். எங்கே என்று கேட்கவில்லை, சரியான இடத்தில்தான் உடைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவன், தம்பி மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

"இன்னும் இந்தப் பக்கம் தள்ளி அடி. அங்க என் பைப்பு போகுது" என்றான் சின்னவன்.

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு முழம்."

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பேச வேண்டியதை இப்போது பேசினால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? சாயங்காலத்துக்குள் செம்புக் கம்பி ஆறடி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஒயரைக் கட்டி, ஃபியூஸைப் போட்டு, பெரியவன் மெயினை ஏற்றினான். ஏற்றின கணமே ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. திரும்ப ஏற்றினான், திரும்பவும் விழுந்தது. விரல் அசைந்த முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய சத்தம். அதைக் கேட்டுவிட்டுத் தங்கை நாற்காலியை உள்ளே உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இனி அந்தத் தொட்டியில் இறங்கமாட்டேன் என்று திங்கட்கிழமை சொன்னாள். செவ்வாய்க்கிழமையும் சொன்னாள். புதன்கிழமை குளிருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, புரண்டு படுக்கக்கூட முடியாமல் போயிற்று. பெரியவன் அன்று காலையிலேயே புது ஹீட்டர் வாங்கி மாட்டியிருந்தான். ட்ரிப் சுவிட்ச் இந்தத் தடவை ஏற்றிய இடத்தில் நின்றது. டெஸ்டரைத் தண்ணீரில் வைத்தான், எரியவில்லை. கிளாம்பில் வைத்தான், எரியவில்லை. மீட்டரிலும் பார்த்தான். அதற்கும் மேல், வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, ஒரு கையைத் தண்ணீரில் விட்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துப் பார்த்தான். வெதுவெதுப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சின்னவன் சுவர் ஓரமாக நின்றான். சாக்பீஸ் டப்பா பலகை மேல் அப்படியே இருந்தது. சுவர் சுத்தமாக இருந்தது.

மாப்பிள்ளை அவளைத் தூக்கி இறக்கினான். சூட்டில் இடுப்பு இளக, அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கையை வெளியே நீட்டிக் கம்பியைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். விரல் முட்டிகள் வெளுத்தன. பல்லைக் கடித்தாள். தண்ணீருக்குள் பாதம் ஒரு சோப்புக்கட்டி மாதிரி அசையாமல் கிடந்தது. மூன்று ஆண்பிள்ளைகளும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்விதான். இந்தத் தடவை அதைக் கேட்கப் பெரியவனுக்கு இஷ்டமில்லை. கேட்காமல் போகவும் முடியாது.

"ஏதாவது தெரியுதாம்மா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியை விடவுமில்லை.

"இல்லண்ணே" என்றாள். "ஒண்ணும் தெரியலை."